உள்ளே லைனரா, கரையை வெட்டிப் புதுக் குழாயா?

அட்லாண்டாவுக்கு வடக்கே நாங்கள் இருக்கும் குடியிருப்பின் நடுவில் 11 ஏக்கரில் ஓர் ஏரி. 1970களில் மனை விற்பதற்காக ஓர் ஓடையை மறித்துக் கட்டியது. தூண்டில் போடலாம், துடுப்புப் படகு விடலாம், அவ்வளவுதான். கரை 28 அடி உயர மண்கரை. அது அரசுடையது இல்லை, எங்களுடையது; அதாவது குடியிருப்போர் சங்கத்தில் இருக்கும் எல்லா வீட்டுக்காரர்களுடையது. வீடு வாங்கும்போது ஏரியைக் காட்டுவார்கள், கரையைக் காட்டுவதில்லை.

கரைக்கு அடியில் 24 அங்குல விட்டத்தில், ஏறக்குறைய 150 அடி நீளத்துக்கு ஒரு நெளி இரும்புக் குழாய் போகிறது. ஏரிக்குள் நிமிர்ந்து நிற்கும் ரைசர் என்ற செங்குத்துக் குழாயில் விழும் தண்ணீர் இதன் வழியாகத்தான் மறுபக்கம் வெளியேறும். அந்தக் காலத்தில் சின்ன ஏரிகளுக்கு மலிவாகக் கிடைத்தது இதுதான். துத்தநாகப் பூச்சு போனதும் அடிப்பக்கம் முதலில் துருப்பிடிக்கும். கேமரா விட்டுப் பார்த்தபோது எங்கள் குழாயின் அடி பல இடங்களில் சல்லடையாகியிருந்தது, இரண்டு இணைப்புகள் வாய் பிளந்திருந்தன. என்ன செய்யலாம் என்று சங்கத்தில் எட்டு மாதம் சண்டை போட்டோம். கடைசியில் கரையை வெட்டிப் புதுக் குழாய் போட்டோம். நான் ஏரிக் குழுவில் இருந்தேன், வெட்டும் பக்கம் ஓட்டுப் போட்டவன். அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன்.

நான்கு யோசனைகள் வந்தன. அணையையே எடுத்துவிட்டுப் பழைய ஓடையை மீட்பது முதலாவது. பராமரிப்புத் தொல்லை ஒரேயடியாகத் தீரும் என்பதால் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஏரிக்கரை வீடு என்று கூடுதல் விலை கொடுத்தவர்கள் ஒத்துக்கொள்வார்களா? முதல் கூட்டத்திலேயே அது அடிபட்டுப்போனது. இரண்டாவது, பழைய குழாயைச் சிமென்ட் கலவையால் அடைத்துவிட்டு, தண்ணீரை உறிஞ்சி மேலேற்றி மறுபக்கம் இறக்கும் சைஃபன் குழாயைக் கரைக்கு மேலாகப் போடுவது. அதை வேலை செய்யும் நிலையில் ஒரே ஒரு பக்கத்து ஏரியில்தான் பார்த்திருக்கிறேன், அதனால் அதிகம் பேச மாட்டேன். ஏரியை இறக்குவதற்கு நல்ல கருவி. ஆனால் உறிஞ்சும் உயரத்துக்கு ஓர் எல்லை உண்டு. 20 அடிக்குக் கீழே இறங்கி எடுப்பது கஷ்டம். பெருமழையை அது தனியாகச் சமாளிக்கும் என்று எங்கள் பொறியாளர் நம்பவில்லை.

மிச்சம் இரண்டு: பழைய குழாய்க்குள் எச்.டி.பி.இ. என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஆன சிறிய குழாயை, அதாவது லைனரைச் செருகி, இடைவெளியில் சிமென்ட் கலவை செலுத்துவது. அல்லது கரையை அடிவரை வெட்டி வலுவூட்டிய கான்கிரீட் குழாய் வைப்பது. லைனருக்கு வந்த விலைப்புள்ளி வெட்டுவதற்கு ஆவதில் பாதிக்கும் குறைவு. வேலை சில வாரங்களில் முடியும், ஏரியும் ஒரு கோடைக்குள் திரும்பிவிடும். இதைக் கேட்டபின் எதற்கு வெட்டுவது என்று பெரும்பாலோர் கேட்டதில் தப்பே இல்லை.

லைனர் போட்டால் உள்விட்டம் சுருங்கும் என்று பலர் பயந்தார்கள். சுருங்கத்தான் செய்யும், 24 அங்குலம் பதினேழரை அளவுக்கு வரும். ஆனால் நெளிக் குழாயைவிட பிளாஸ்டிக் மிகவும் வழவழப்பு, அதனால் இழப்பில் பெரும்பகுதி ஈடாகிவிடும் என்று விற்பவர்கள் சொல்வது பொய்யில்லை. நீளமான குழாயில் கணக்கு அப்படித்தான் வரும். குட்டையான குழாயில் நுழைவாயில் இழப்பும் ரைசர் இழப்பும் பெரிதாகிவிடும், அங்கே வழவழப்பு காப்பாற்றாது. 2015 அக்டோபர் மழையில் தென் கரோலினாவில் கொலம்பியாவைச் சுற்றி இப்படிப்பட்ட குடியிருப்பு ஏரிகளின் கரைகள் அடுத்தடுத்து உடைந்ததை இங்கே எல்லோரும் பார்த்தோம். ஆகவே இந்தக் கணக்கைப் பொறியாளரைக் கொண்டு போட்டுப் பார்க்காமல் இருக்காதீர்கள். எங்களுக்கு அது மயிரிழையில் தேறியது. எங்கள் முடிவைத் தீர்மானித்தது அதுவல்ல.

மதுரைப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கண்மாயோடு வளர்ந்தவர் அப்பா. போனில் விஷயத்தைச் சொன்னதும் அவர் குழாயைப் பற்றிக் கேட்கவேயில்லை. "மடைக்குப் பக்கத்துல ஊறுதாடா?" என்றார். முழு விவகாரமும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. மண்கரைக்குள் எதையாவது புதைத்தால், அதற்கும் மண்ணுக்கும் இடையேயான கோடுதான் பலவீனமான இடம். உருண்டைக் குழாயின் இடுப்புக்குக் கீழே மண்ணை இறுக்கித் திணிப்பது அன்றும் கஷ்டம், இன்றும் கஷ்டம். அந்தத் தளர்ந்த மண்ணில் ஊற்று நடக்கும். கூடவே குழாயில் துருவோட்டை விழுந்தால், தண்ணீரோடு மண்ணும் துளித்துளியாக உள்ளே போகும். கரைக்கு மேலே புல் பச்சையாக இருக்கும், கீழே பொந்து வளரும்.

லைனர் குழாயின் உள்பக்கத்தைப் புதுசாக்கும். வெளிப்பக்கத்தில் ஏற்கனவே விழுந்த பொந்தை அது தொடாது. இடைவெளியில் செலுத்தும் கலவை ஓட்டைகள் வழியாக வெளியே போய்ப் பொந்தையும் நிரப்பிவிடும் என்று ஓர் ஒப்பந்ததாரர் உறுதி சொன்னார். போகலாம், போகாமலும் இருக்கலாம். மண்ணுக்குள் என்ன நடந்தது என்று பார்க்க வழியில்லை. மண் உள்ளே போவது நிற்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளிச்சுவரை ஒட்டிப் போகும் ஊற்றுக்கு வழி திறந்தே இருக்கும்.

எங்களுக்கு இரண்டு அறிகுறிகள் இருந்தன. குழாய் போகும் கோட்டுக்கு நேர் மேலே, கரையின் வெளிச்சரிவில், சலவைக் கூடை அளவில் ஒரு பள்ளம். இரண்டு தடவை மண் போட்டு மூடியும் திரும்ப இறங்கியது. பிறகு, குழாய் வாய்க்குப் பக்கத்தில் கசிந்த தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து ஒரு நாள் வைத்தால், அடியில் மெல்லிய வண்டல் தங்கியது. ஊறும் நீர் தெளிவாக இருந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கி வந்தால் கரை கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஜாடியைக் கூட்டத்துக்கு எடுத்துப்போனேன். நூறு பக்க அறிக்கைக்கு மசியாதவர்கள் அதற்கு மசிந்தார்கள்.

வெட்டிப் பார்த்தபோது குழாயின் அடிப்பக்கமாக முழங்கை வரை கை நுழையும் பொந்து, நான்கடி நீளத்துக்கு. ஊற்றைத் தடுக்கவென்று அந்தக் காலத்தில் குழாயைச் சுற்றிப் பொருத்திய இரும்புத் தகடுகளை ஒட்டித்தான் மண் மிகவும் பொதபொதவென்று இருந்தது. தகடு இருந்தால் பக்கத்தில் மண்ணை இறுக்க முடிவதில்லை. இப்போது தகடு வைப்பதில்லை. தண்ணீர் வெளியேறும் பக்கத்து மூன்றிலொரு பகுதியில் குழாயைச் சுற்றி, துகள் அளவு பார்த்துத் தேர்ந்தெடுத்த மணலில் ஒரு திரை போடுகிறார்கள். தண்ணீரைத் தடுக்காது, போகவிடும். மண் துகளை மட்டும் பிடித்துக்கொள்ளும். நாங்கள் கொடுத்த கூடுதல் பணத்தில் எனக்கு மிகவும் மதிப்பாகப் படுவது இந்த மணல்தான்.

வெட்டுவதன் தொல்லையையும் சொல்ல வேண்டும். ஏரியை ஒரேயடியாக இறக்கினால் நீரில் ஊறிய உள்சரிவு சரிந்துவிடும், அதனால் நாளுக்கு அரை அடி வீதம்தான் இறக்கினோம். புது மண் பழைய மண்ணோடு பிடிக்க வேண்டும் என்பதால் வெட்டின் பக்கங்களைச் செங்குத்தாக விட முடியாது, சாய்வாக அகலமாக வெட்ட வேண்டும். தோண்டியது மலைபோல் குவிந்தது. இரண்டு கோடைக்குச் சேற்று வாடை. செலவுக்காகச் சங்கம் வீட்டுக்காரர்களிடம் போட்ட சிறப்பு வசூலுக்காக என்னோடு இன்னும் பேசாத பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார்.

ஜார்ஜியாவில் அணைகளை முதல் வகை, இரண்டாம் வகை என்று பிரிக்கிறார்கள். உடைந்தால் உயிர்ச்சேதம் ஆகும் என்றால் முதல் வகை. பலர் இதைக் கரையின் தரத்துக்கான மதிப்பெண் என்று நினைக்கிறார்கள், அது கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பதன் கணக்கு. இப்படிப் பிரிக்கும் அணைப் பாதுகாப்புச் சட்டமே 1977 நவம்பர் 6 அதிகாலை டொக்கோவாவில் கெல்லி பார்ன்ஸ் அணை உடைந்து 39 பேர் இறந்ததற்கு அடுத்த ஆண்டு வந்ததுதான். எங்கள் கரைக்குக் கீழே கட்டிய காலத்தில் காடு. இன்று 14 வீடுகள். அந்த வீடுகள் இல்லையென்றால் நானும் லைனருக்கே ஓட்டுப் போட்டிருப்பேனோ என்னவோ.

மேலே பள்ளம் இல்லை, ஊற்று தெளிவு, கேமராவில் துரு மட்டும்தான் என்றால் லைனர் தாராளமாகப் போதும் என்றே நினைக்கிறேன். போடும்போது குழாயின் வெளிமுனையிலாவது மணல் வடிகட்டியைச் சேர்த்துக் கேளுங்கள். அதற்கு முழுக் கரையையும் வெட்ட வேண்டியதில்லை. நான்கு மைல் தள்ளி ஓர் ஏரியில் அப்படித்தான் செய்தார்கள், மூன்று வருடமாகக் குறை ஒன்றும் தெரியவில்லை. முப்பது வருடத்துக்குப் பின் எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

எதைப் போட்டாலும் ஏரியை அடிவரை வடிக்கும் வால்வை விட்டுவிடாதீர்கள். பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணையும் பணக்காரர்களின் மீன்பிடி மன்றத்து ஏரிதான். முந்தைய உரிமையாளர் வடிகுழாய்களைக் கழற்றி விற்றிருந்தார், மன்றம் திரும்பப் போடவில்லை. கரையில் வண்டி போக வேண்டும் என்று மேட்டைத் தாழ்த்தி, மீன் தப்பாமல் இருக்க உபரிநீர் வழியும் கலுங்கில் வலையும் அடித்தார்கள். 1889 மே 31 அன்று அது உடைந்து 2,209 பேர் இறந்தார்கள். எங்கள் பழைய வால்வை இருபது வருடமாக யாரும் திருப்பியிருக்கவில்லை, தண்டே முறிந்துவிட்டது. புதியதை ஏப்ரலிலும் அக்டோபரிலும் முழுக்கத் திறந்து மூடுகிறோம்.