இலவசத் தோல் பரிசோதனை முகாம்: அம்மாவின் காலுக்கு நடந்தது

இது கார்த்திகை மாதம். பக்கத்துத் தெரு அடுக்ககத்தின் பலகையில் நேற்று ஒரு நோட்டீஸ் பார்த்தேன். "குளிர்காலத் தோல் வறட்சிக்கு இலவசப் பரிசோதனை முகாம், ஞாயிறு காலை 10 மணி." போன மார்கழியில் எங்கள் அடுக்ககத்துக்கு வந்த அதே ஆட்கள்தான். ஞாயிறுக்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் மேற்கு மாம்பலத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. மார்கழி பிறந்தால் முழங்காலுக்குக் கீழே தோல் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழும். இரவு படுத்ததும் அரிப்பு தொடங்கி, சொறிந்து சொறிந்து விடிகாலையில் போர்வையில் ரத்தப் பொட்டு இருக்கும். சென்னையில் என்ன குளிர் என்று கேட்பவர்கள் உண்டு. ஜனவரி இரவில் 20, 21 டிகிரிக்கு இறங்கினாலே வயதானவர்களின் தோலுக்குத் தெரிந்துவிடுகிறது. அம்மாவுக்கு அதோடு டிசம்பர் கச்சேரிகளும் சேரும். மயிலாப்பூர் சபாக்களில் மூன்று மணி நேரம் ஏசியில் உட்கார்ந்துவிட்டு வந்து, குளிருக்கு இதமாகக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்பார்.

முகாம் எங்கள் அசோசியேஷன் ஹாலில் நடந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண்ணை எல்லோரும் "டாக்டர்" என்றே கூப்பிட்டார்கள். அவர் கையில் பேனா அளவில் ஒரு கருவி இருந்தது. "ஆன்ட்டி, உங்க ஸ்கின்ல எவ்வளவு தண்ணி இருக்குன்னு இது சொல்லிடும்" என்றார். முதலில் ஸ்பிரிட் பஞ்சால் அம்மாவின் காலைத் துடைத்தார். "சுத்தமா இருந்தாதான் சரியா காட்டும்." பிறகு கருவியை வைத்தார். 19 என்று வந்தது. "நாற்பதுக்கு மேல இருக்கணும் ஆன்ட்டி, இது ரொம்ப டேஞ்சர்." அதே இடத்தில் ஒரு ஜெல்லைத் தடவி, ஒரு நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி வைத்தார். 58. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும்தான். கண்ணெதிரே எண் ஏறும்போது சந்தேகப்படத் தோன்றவில்லை.

அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். பல மாதம் கழித்து என் அண்ணன் மகன் அதே மாதிரி ஒன்றை ஆன்லைனில் வாங்கி வந்தான். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். அவன் விளக்கியது இதுதான்: இந்தச் சின்னக் கருவிகள் தோலின் மேல்பரப்பில் மின்சாரம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதைப் பார்த்து ஒரு எண்ணைக் காட்டுகின்றன. மேலே ஈரம் இருந்தால் எண் ஏறும், உலர்ந்திருந்தால் இறங்கும். ஸ்பிரிட் ஆவியாகும்போது மேல் ஈரத்தையும் கொஞ்சம் எண்ணெய்ப் பசையையும் எடுத்துக்கொண்டு போகும். அதன் பிறகு பார்த்தால் குறைவாகத்தான் வரும். ஜெல்லில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். தடவியபின் பார்த்தால் ஏறத்தான் செய்யும். வீட்டில் நாங்களே செய்து பார்த்தோம். என் கையில் சும்மா வைத்தபோது 34. ஸ்பிரிட் தடவித் துடைத்தபின் 21. குழாய்த் தண்ணீரில் நனைத்து லேசாக ஒற்றி எடுத்தபின் 66. கருவியைக் கொஞ்சம் அழுத்தினாலே நாலைந்து கூடுகிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "குழாய்த் தண்ணிக்கேவாடா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு ஹாலில் இதெல்லாம் தெரியாது. "குளிர்கால ஹைட்ரேஷன் பேக்கேஜ்" என்று எட்டு சிட்டிங், வீட்டில் தடவ ஒரு கிரீம், எல்லாம் சேர்த்து 36,000 ரூபாய் என்றார்கள். யோசிக்கிறேன் என்றேன். "இன்னிக்குப் பதிவு மட்டும் பண்ணுங்க மேடம், வேணாம்னா கேன்சல் பண்ணிக்கலாம்" என்று சொல்லி என் போன் நம்பர், பான் எண் கேட்டார்கள். ஓடிபி வந்தது, சொன்னேன். மூன்று ஓடிபி. மாலையில் ஒரு நிதி நிறுவனத்திலிருந்து, என் பெயரில் 36,000 கடன் ஒன்பது தவணைக்கு அனுமதிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. கேன்சல் என்று கூப்பிட்டால் கிளினிக்கில் "கடன் கம்பெனியிடம் பேசுங்கள்" என்றார்கள், கடன் கம்பெனியில் "கிளினிக்கிடம் பேசுங்கள்" என்றார்கள். சரி, பணம்தான் போகிறது, அம்மாவின் கால் குணமானால் போதும் என்று விட்டுவிட்டேன். அந்த இடத்தில்தான் நான் தவறினேன்.

கிரீம் ஒரு வெள்ளை டப்பாவில் வந்தது. மூடியில் கிளினிக்கின் ஸ்டிக்கர், "காலை, இரவு" என்று பேனாவில் எழுத்து. அவ்வளவுதான். தயாரித்தவர் பெயர் இல்லை, உரிம எண் இல்லை, பேட்ச் எண் இல்லை, என்ன சேர்த்திருக்கிறது என்று இல்லை, எப்போது காலாவதியாகும் என்று இல்லை. கேட்டதற்கு "எங்க டாக்டரோட சொந்த ஃபார்முலா" என்றார்கள்.

மூன்றாம் நாளே அரிப்பு நின்றுவிட்டது. அம்மா ஒரே தூக்கமாகத் தூங்கினார். ஒரு வாரத்தில் கால் பளபளவென்று ஆகிவிட்டது. அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் காலைக் காட்டினார். எங்கள் பிளாக்கிலேயே இன்னும் மூன்று பேர் அதே டப்பாவை வாங்கினார்கள், அம்மாவைப் பார்த்துத்தான். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

ஐந்தாவது வாரம் கிரீம் தீர்ந்தது. இரண்டு நாளில் கால் சிவந்து, எரிய ஆரம்பித்தது. தண்ணீர் பட்டாலே எரிச்சல். எங்கேயும் இடித்துக்கொள்ளாமலே ஊதா நிறத்தில் ரத்தம் கட்டிய திட்டுகள். கணுக்காலுக்கு மேலே சின்னதாக இருந்த ஒரு படை, கெண்டைக்கால் முழுவதும் ஓரம் தெரியாமல் பரவியிருந்தது. கிளினிக்கில் காட்டினால் "டாக்ஸின் வெளியே வருது, இன்னொரு டப்பா போட்டா அடங்கிடும்" என்றார்கள். 2,800 ரூபாய். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு விழிப்பு வந்தது. நிறுத்தினால் கிளம்புகிறது, போட்டால் அடங்குகிறது என்றால் அது எப்படி மாய்ஸ்சரைசர் ஆகும்?

சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் தோல் நோய் புறநோயாளிப் பிரிவுக்கு அம்மாவை அழைத்துப் போனேன். கூட்டம் இருந்தது, காத்திருந்தோம். செலவு எதுவும் இல்லை. அந்த டாக்டர் காலைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "என்ன தடவுனீங்கம்மா?" டப்பாவைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லேப்ல பார்க்காம உறுதியா சொல்ல முடியாது. ஆனா தோல் மெலிஞ்சிருக்கிறதும், படை இப்படி முகம் மாறிப் பரவியிருக்கிறதும் ஸ்டீராய்டு போட்ட காலு மாதிரிதான் இருக்கு" என்றார். அந்தப் படை படர்தாமரை, பூஞ்சையால் வருவது; அதன் மேல் ஸ்டீராய்டு தடவினால் சிவப்பும் அரிப்பும் அடங்கும், பூஞ்சை மட்டும் உள்ளே சுகமாக வளரும் என்று அவர்தான் விளக்கினார். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது இன்னும் மோசம்.

ஸ்டீராய்டு கிரீம் கெட்ட பொருள் இல்லை. எக்ஸிமா, சொரியாசிஸ் போன்றவற்றுக்கு டாக்டர்கள் அளவு பார்த்து, நாள் கணக்கிட்டுக் கொடுக்கும் மருந்து அது. 2018ஆம் ஆண்டிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு கிரீம்களை அட்டவணை எச்-இல் சேர்த்தது. அதாவது, டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டியூபில் அந்தப் பெயர் இருந்தால், டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் ஒரு நாள்கூடப் போடாதீர்கள். பெயரே இல்லாத டப்பா என்றால் தொடவே வேண்டாம். சட்டப்படி விற்கும் எந்த அழகு கிரீமிலும் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, உட்பொருள்கள் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும்.

அம்மாவுக்கு உண்மையில் வேண்டியிருந்தது எவ்வளவு எளிமையானது என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. தோலின் மேலடுக்கில் செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கும், அவற்றுக்கு நடுவே சாந்து மாதிரி இருப்பது கொழுப்பு; வயதானால் அந்தக் கொழுப்பு குறையும், வெந்நீரும் சோப்பும் மிச்சத்தையும் கரைத்துவிடும், அந்த இடுக்கு வழியாக உடம்பின் ஈரம் வெளியேறிவிடும் என்று டாக்டர் சொன்னார். எனவே முதலில் பாத்ரூமைத்தான் மாற்றினோம். கீசர் தண்ணீரை வெதுவெதுப்பாக விளாவிக் குளிப்பது, பத்து நிமிடத்துக்குள் முடிப்பது, சோப்பு அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் மட்டும், கால் கைக்கு வேண்டாம். பீர்க்கங்காய் நாரைத் தூக்கிப் போட்டாயிற்று. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி. அது தண்ணீரைக் கொடுப்பதில்லை, இருக்கிற தண்ணீரைப் போகவிடாமல் மூடுகிறது; அதனால்தான் ஈரத்தோடு தடவச் சொல்கிறார்கள். தேங்காய் எண்ணெயும் நல்லது என்றார், ஆனால் குளிப்பதற்கு முன் தடவி சோப்புப் போட்டுக் கழுவாமல், குளித்த பின். குதிகால் வெடிப்புக்கு மட்டும் யூரியா கலந்த கிரீம். தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார், ஏனென்றால் விடாத வறட்சிக்கும் அரிப்புக்கும் அவையும் காரணமாக இருக்கலாம். ஹாலில் ஒருவரும் அம்மாவிடம் சர்க்கரை உண்டா என்றுகூடக் கேட்கவில்லை.

பூஞ்சைக்கு மாத்திரை பல வாரம் ஓடியது. எரிச்சல் அடங்க இரண்டு மாதம் ஆனது. மெலிந்த தோல் இன்னும் முழுதாகத் தேறவில்லை. கொலுசு உரசினாலே திட்டு வருகிறது, கழற்றி வைத்துவிட்டார்.

பணத்தைப் பற்றி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். நிதி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினேன். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம் போகலாம், இலவசம். அப்படிப் போவேன் என்று எழுதியபின்தான் போகாத ஐந்து சிட்டிங்குக்கான தொகையைக் கிளினிக் திருப்பிக் கட்டியது. மிச்சம் வரவில்லை. செல்போனில் எடுக்கும் கடனுக்குத் தொடக்கத்தில் சில நாள் விலகும் அவகாசம் உண்டு, எத்தனை நாள் என்று கடன் தாளிலேயே இருக்கும். அந்த நாட்களை நான் கிளினிக்கைக் கெஞ்சுவதில் வீணாக்கிவிட்டேன். யாராவது மாட்டிக்கொண்டால் அன்றைக்கே அந்தத் தாளைத் திறந்து பாருங்கள். கிரீமைப் பற்றித் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை.

எங்கள் பிளாக்கில் அந்த டப்பா வாங்கிய மூவரிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். வேறு இடங்களில் வாங்கியவர்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: டப்பாவைக் குப்பையில் போடாதீர்கள், பில்லோடு பத்திரமாக வையுங்கள். பல வாரம் தடவியிருந்தால் சட்டென்று நிறுத்திவிட்டு வீட்டிலேயே தாங்கிக்கொண்டிருக்காமல் தோல் டாக்டரிடம் அதை எடுத்துக்கொண்டு போங்கள்; எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார்.

பக்கத்துத் தெரு அடுக்ககத்தின் செயலாளரிடம் நேற்றே பேசினேன். "எழுதிக் கொடுங்க, எல்லாருக்கும் அனுப்பறேன்" என்றார். இதைத்தான் கொடுக்கப் போகிறேன். ஞாயிறு பத்து மணிக்கு அம்மாவும் வருவதாகச் சொல்கிறார், தன் டப்பாவை எடுத்துக்கொண்டு.