கரைதிறன் பெருக்கம் வீடியோ பாடத்தொகுப்பு: மூன்றாம் பாடத்துக்காகவே வாங்கலாம்

பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதியியல் ட்யூஷன் எடுக்கிறேன். கரைதிறன் பெருக்கம் என்பது, அரிதில் கரையும் உப்பின் அயனிச் செறிவுகளைப் பெருக்கினால் கரைசலில் வரக்கூடிய உச்ச அளவு; அதைத் தாண்டினால் உப்பு திடப்பொருளாக, அதாவது வீழ்படிவாகப் பிரியும். அதன் சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் வீழ்படிவு வருமா வராதா என்று கேட்டால் முழிப்பார்கள். அதற்காகத்தான் ஆறு பாடங்கள் கொண்ட இந்தத் தொகுப்பை வாங்கி, இரண்டு முறை முழுதாகப் பார்த்தேன்.

முதல் இரண்டு பாடங்களில் புதிதாக எதுவும் இல்லை. மூன்றாவது அருமை. சில்வர் நைட்ரேட், சோடியம் குளோரைடு, இரண்டும் 2×10⁻⁵ மோலார் (லிட்டருக்கு அத்தனை மோல்). சம கனஅளவில் கலக்கிறார்கள். சில்வர் குளோரைடு வீழ்படிவு வருமா? விடையைப் பதிந்தால்தான் வீடியோ நகரும். என்னிடம் படிக்கும் ஐந்து பேரில் நான்கு பேர் அப்படியே பெருக்கி, 4×10⁻¹⁰ வருகிறது, சில்வர் குளோரைடின் பெருக்கம் 1.8×10⁻¹⁰ தானே, அதனால் வீழ்படியும் என்றார்கள். கலந்த உடனே கனஅளவு இரட்டிப்பாகிறது, இரண்டு செறிவும் பாதியாகிவிடுகின்றன. இப்போது பெருக்கினால் 1×10⁻¹⁰. வீழ்படியாது! தவறான விடை போட்டவர்களுக்கு வெறுமனே தவறு என்று காட்டாமல், எந்தப் படியில் சறுக்கினார்கள் என்று காட்டுகிறது. அன்றைக்கு அந்த நான்கு பேரும் தாங்களே திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நான்காவது பொது அயனி விளைவு, அதாவது உப்பில் உள்ள அயனி ஒன்று கரைசலில் ஏற்கனவே இருந்தால் அந்த உப்பு குறைவாகக் கரைவது. சுத்தமான தண்ணீரில் சில்வர் குளோரைடு லிட்டருக்கு சுமார் 1.3×10⁻⁵ மோல் கரையும். 0.1 மோலார் சோடியம் குளோரைடு கரைசலிலோ 1.8×10⁻⁹ தான், ஏழாயிரம் மடங்குக்கு மேல் குறைவு. இதை வரைபடத்தில் இழுத்துப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். ஒரு குறை: குளோரைடைக் கூட்டக் கூட்டக் கரைதிறன் குறைந்துகொண்டே போகும் என்று விட்டுவிடுகிறார்கள். குளோரைடு மிக அதிகமானால் சில்வரோடு கூடுதல் குளோரைடு சேர்ந்து, கரையக்கூடிய அணைவு அயனி உருவாகி, வீழ்படிவு மறுபடி கரையத் தொடங்கும். ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

ஐந்தாவது பாடத்தை அப்படியே நம்ப வேண்டாம். பெருக்கம் சிறியதென்றால் கரைதிறனும் குறைவு என்று பொதுவிதி போலச் சொல்கிறார்கள். சில்வர் குரோமேட்டின் பெருக்கம் 1.1×10⁻¹², சில்வர் குளோரைடை விட மிகச் சிறியது. ஆனால் அதில் இரண்டு சில்வர் அயனிகள் இருப்பதால் பெருக்கத்தை நான்கால் வகுத்துக் கனமூலம் எடுக்க வேண்டும். கணக்குப் போட்டால் கரைதிறன் சுமார் 6.5×10⁻⁵ மோல், சில்வர் குளோரைடைப் போல ஐந்து மடங்கு. அயனிகளின் எண்ணிக்கை ஒரே மாதிரி இருக்கும் உப்புகளுக்குத்தான் அந்த விதி பொருந்தும். தயாரித்தவர்களுக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

ஆறாவதில் பண்பறி பகுப்பாய்வு, அதாவது ஒரு உப்பில் என்னென்ன அயனிகள் இருக்கின்றன என்று கண்டறிவது. மூன்றாம் தொகுதியில் (இரும்பு, அலுமினியம் போன்ற அயனிகளை ஹைட்ராக்சைடாக வீழ்படிய வைக்கும் படி) அம்மோனியம் ஹைட்ராக்சைடுக்கு முன் அம்மோனியம் குளோரைடு ஏன் சேர்க்கிறோம் என்பதற்கு, ஹைட்ராக்சைடு அயனியை அடக்கி மெக்னீசியத்தைக் கரைசலிலேயே நிறுத்திவைக்கத்தான் என்று நேரடியாகச் சொல்கிறார்கள். செய்முறைத் தேர்வுக்கு முன் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.