ஸ்கி-டூ சம்மிட் எக்ஸ் 850: புது வண்டியோடு மலையில் முதல் நாள்

குல்மார்க்கில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஸ்னோமொபைலை மட்டுமே பார்த்தவர்களுக்கு, மலை ஸ்னோமொபைலும் அதே ரகம்தான் என்று தோன்றும். முன்னால் இரண்டு ஸ்கீ, பின்னால் ஒரு ரப்பர் டிராக், அவ்வளவுதானே? ஆனால் ஸ்கி-டூ பிராண்டின் மலை ஸ்னோமொபைலான சம்மிட் எக்ஸின் டிராக் 165 அங்குல நீளம். அதிலுள்ள ரப்பர் பற்கள் 3 அங்குல உயரம். இடுப்பளவு தூள்பனியில் மூழ்காமல் மிதந்து, செங்குத்தான சரிவில் ஏறுவதற்கென்றே செய்த வண்டி இது. அந்த வேலையை அபாரமாகச் செய்கிறது. சிக்கல் என்னவென்றால், தூள்பனியை எட்டுவதற்கு முன் இறுகிய தடத்தில் பல கிலோமீட்டர் போக வேண்டும். புது வண்டி கெட்டுப்போவது பெரும்பாலும் அந்தத் தடத்தில்தான்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள ரெவல்ஸ்டோக்கை எடுத்துக்கொள்வோம். அங்கே போல்டர் மலைக்குப் போகிறவர்கள் கீழே வாகனத்தை நிறுத்திவிட்டு, இயந்திரம் வைத்துச் சமன்படுத்திய தடத்தில் காட்டுக்குள் ஏறி, மரங்கள் முடியும் உயரத்துக்குப் போகிறார்கள். புது சம்மிட்டின் முதல் நாளுக்கு இப்படிப்பட்ட இடம் நல்ல சோதனைக்களம்.

காலையில் எஞ்சினைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இரவெல்லாம் வெளியில் நின்ற வண்டியின் டிராக்கும் ஸ்கீக்களும் தரையோடு உறைந்து ஒட்டியிருக்கும். ஸ்கீக்களைப் பக்கவாட்டில் ஆட்டி விடுவியுங்கள். பின்பக்கக் கம்பியைப் பிடித்து வண்டியை ஒரு சாண் தூக்கிப் போடுங்கள். இதைச் செய்யாமல் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் டிராக் அசையாது, எஞ்சினின் சுழற்சியை டிராக்குக்குக் கடத்தும் பெல்ட் மட்டும் கிளட்சில் வழுக்கி ஒரே இடத்தில் கருகும். அரை நிமிட வேலைக்குச் சோம்பி ஒரு புது பெல்ட்டை இழப்பது வீண்.

ஷாட் ஸ்டார்ட்டர் உள்ள மாடலில் பேட்டரி கிடையாது. அன்றைய முதல் ஸ்டார்ட்டுக்குக் கயிற்றை இழுக்க வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஒரு கெப்பாசிட்டர் மின்சாரத்தைச் சேமித்துக்கொள்ளும். அதன் பிறகு நிறுத்தினால் சுமார் அரை மணி நேரத்துக்குள் பட்டனிலேயே மீண்டும் கிளப்பலாம். அதைத் தாண்டி ஓய்வெடுத்தால் மறுபடி கயிறுதான். எடை குறைவு என்பதால் இந்த ஏற்பாடு எங்களுக்குப் பிடித்திருக்கிறது. தோள்பட்டை வலி உள்ளவர்கள் மட்டும் வாங்குமுன் கடையில் ஒருமுறை இழுத்துப் பார்க்கட்டும்.

849 சிசி, இரட்டை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக் ரோடாக்ஸ் எஞ்சின், 165 குதிரைத்திறன். பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டியதில்லை. ஆயிலுக்குத் தனி டாங்க், அளவை எலெக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கொள்ளும். புது எஞ்சினைப் பழக்கும் காலத்தில் கணினியே எஞ்சினுக்குக் கூடுதல் ஆயில் கொடுக்கும், வேகத்தையும் கொஞ்சம் அடக்கி வைக்கும். அதனால் முதல் நாள் "இழுவை போதவில்லையே" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். முதல் 10 மணி நேரம் அல்லது 500 கிலோமீட்டர் வரை ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்திப் பிடிக்கக் கூடாது. அவ்வப்போது சில விநாடி அழுத்தி விடுவது எஞ்சினுக்கு நல்லதே. புது பெல்ட்டுக்கும் இப்படி ஒரு 50 கிலோமீட்டர் வேண்டும். பெட்ரோல் டாங்க் 36 லிட்டர். அது நிரம்பினால் கிட்டத்தட்ட 27 கிலோ. வெறும் வண்டியே 200 கிலோவை ஒட்டியது என்பதால், டாங்க் நிரம்பிய காலைக்கும் பாதி காலியான மதியத்துக்கும் கையாளுவதில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இனி அந்தத் தடம். இந்த வண்டிக்கு முன்பக்கத்தில் காற்றால் குளிரும் ரேடியேட்டர் கிடையாது. டிராக் வாரியிறைக்கும் பனி, டிராக்கை மேலே மூடியிருக்கும் உலோகக் கூட்டின் குளிர்விப்பான்களில் பட்டு உருகுவதால்தான் எஞ்சின் குளிர்கிறது. டிராக்குக்குள் ஓடும் பிளாஸ்டிக் தண்டவாளங்களுக்கு வழவழப்பு கொடுப்பதும் அதே பனிதான். தடம் பனிக்கட்டிபோல் இறுகியிருந்தால் இரண்டும் நின்றுபோகும். முதலில் திரையில் வெப்பநிலை ஏறும், பிறகு பிளாஸ்டிக் உருகித் தேயும். 3 அங்குலப் பற்களும் இறுகிய தரையில் வேகமாக நெடுநேரம் ஓடினால் சூடேறிப் பிய்ந்துவிடும். பனியைச் சுரண்டி மேலே வீசும் ஸ்கிராட்சர் கம்பிகளைத் தடத்தில் கட்டாயம் இறக்கிவிடுங்கள். வண்டியோடு வராவிட்டால் வாங்கி மாட்டுங்கள். அப்போதும் வெப்பம் ஏறினால் தடத்தின் ஓரத்து உதிரிப் பனியில் கொஞ்ச தூரம் ஓட்டினால் இறங்கிவிடும். ஒண்டாரியோவின் சமதளத் தடங்களில் நீண்ட தூரம் போவதுதான் உங்கள் பழக்கம் என்றால் இந்த வண்டியை வாங்காதீர்கள். திருப்பங்களில் உள்பக்க ஸ்கீ எழும்பும், பின்பக்கம் தளர்ந்ததுபோல் ஆடும். தடத்துக்கென்று செய்த வண்டிகள் இதைவிட எவ்வளவோ மேல்.

மரங்கள் விலகித் தூள்பனி தொடங்கியதும் கதை மாறுகிறது. இந்த வண்டியின் உயிர் டிமோஷன் சஸ்பென்ஷன். பின்பக்க சஸ்பென்ஷன் இடம் வலமாகச் சற்றே முறுக்கிக்கொடுக்கும், டிராக்கின் இரு ஓரங்களும் வளையும். இதனால் 200 கிலோ வண்டியைப் பக்கவாட்டில் சாய்க்கத் தோள்பலம் தேவைப்படாது. காலின் அழுத்தமும் ஆக்ஸிலரேட்டரும் போதும். சரிவைக் குறுக்காகக் கடக்கும்போதுதான் இதன் அருமை புரியும். வலப்புறம் மேடு என்றால் இரண்டு கால்களையும் வலப்பக்கப் பலகையில் வைத்து, ஹேண்டில்பாரை இடப்புறம், அதாவது பள்ளத்துப் பக்கம், திருப்ப வேண்டும். வண்டி மேட்டுப் பக்கம் சாய்ந்து ஒரு ஸ்கீயில் நிற்கும். ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராகப் பிடித்தால் அப்படியே கோடு போட்டதுபோல் போகும். புதிதாக ஓட்டுபவர்கள் பயத்தில் ஹேண்டில்பாரை மேட்டுப் பக்கம் திருப்புவார்கள், வண்டி உடனே சமமாகிப் பள்ளத்துக்குள் இறங்கும். பழைய வண்டிகளில் இந்தச் சாய்வைத் தக்கவைக்க உடம்பையே தொங்கவிட வேண்டியிருந்தது. இதில் அந்தப் போராட்டம் இல்லை.

பீ-டிரைவ் கிளட்சில் உராயும் பாகங்களுக்குப் பதில் உருளைகள் இருப்பதால், மெதுவான வேகத்தில் இழுவை குலுங்காமல் வருகிறது. மரங்களுக்கிடையே நுழையும்போது இது பெரிய உதவி. ஏற்றத்தில் முன்பக்கம் அளவுக்கு மீறி எழும்பினால், சஸ்பென்ஷனுக்குள் இருக்கும் லிமிட்டர் பட்டையை ஒரு துளை இறுக்குங்கள். ஸ்கீ தரையோடு இருக்கும். இறுக்க இறுக்கத் தூள்பனியில் மூக்கு மூழ்கும் என்பதால் ஒரு நேரத்தில் ஒரு துளைக்கு மேல் வேண்டாம்.

எவ்வளவு நல்ல வண்டியானாலும் புதையும். டிராக் கீழே தோண்டத் தொடங்குவது தெரிந்ததுமே ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். இன்னும் இரண்டு விநாடி அழுத்தினால் பள்ளம் இரண்டு மடங்காகிவிடும். இறங்கி ஸ்கீக்களின் முன்னாலும் பக்கங்களிலும் பனியை மிதித்து இறுக்குங்கள். வண்டியைப் பள்ளத்துப் பக்கமாகப் புரட்டி, டிராக் தோண்டிய குழியைப் பனியால் நிரப்பி மிதித்துவிட்டுத் திரும்ப நிமிர்த்துங்கள். ஒருவர் பக்கவாட்டில் நின்று ஸ்கீயை இழுக்க, மற்றவர் மெல்லக் கிளப்ப வேண்டும். டிராக்குக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. சமதளத்தில் ரிவர்ஸ் பட்டன் உதவும். அது எஞ்சினையே எதிர்த்திசையில் சுழல வைக்கும் ஏற்பாடு.

உதவிக்குப் போவதிலும் ஒரு வரம்பு உண்டு. 2010 மார்ச் 13 அன்று இதே போல்டர் மலையில் ஸ்னோமொபைல்காரர்கள் கூடியிருந்த இடத்தில் பனிச்சரிவு விழுந்து இருவர் இறந்தார்கள், சுமார் 30 பேர் காயமடைந்தார்கள். செங்குத்துச் சரிவில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டிதான் போக வேண்டும். அங்கே ஒருவர் புதைந்தால் இரண்டாவது வண்டி மேலே ஏறக் கூடாது, மற்றவர்கள் சரிவு எட்டாத இடத்தில் நின்று கவனிக்க வேண்டும். பனியில் புதைந்தவரைச் சிக்னலால் கண்டுபிடிக்க உதவும் டிரான்ஸீவர், பனிக்குள் குத்தித் தேடும் புரோப் கம்பி, மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவர் உடம்பிலும் இருக்க வேண்டும், வண்டியில் அல்ல. டிரான்ஸீவரைக் கைபேசியிலிருந்து 20 செ.மீ. தள்ளி வையுங்கள், தேடும்போது 50 செ.மீ. ரெவல்ஸ்டோக்கிலேயே அலுவலகம் வைத்திருக்கும் அவலாஞ்ச் கனடா, பருவம் முழுதும் தினசரி முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதைப் படிக்காமல் கிளம்பாதீர்கள், வீட்டில் ஆள் காத்திருக்கிறது.

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ தேவையா? டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3 சதவீதத் திறனை இழக்கும். 2,100 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 180 குதிரைத்திறன் கொண்ட டர்போ ஆர் மாடல் அந்த இழப்பை ஈடுகட்டும். ஆனால் விலையும் எடையும் கூடும். முதல் மலை வண்டி வாங்குபவருக்கு டர்போ இல்லாததே எங்கள் பரிந்துரை. மரங்களுக்குள் வளைந்து ஓட்டுவதுதான் உங்கள் ஆசை என்றால் 154 அங்குல டிராக், திறந்த சரிவுகளும் ஆழப் பனியும் என்றால் 165.

மாலையில் வண்டியை டிரெய்லரில் ஏற்றுமுன் பக்க மூடியைத் திறந்து பெல்ட்டைப் பாருங்கள். ஓரம் நூல் பிரிந்திருந்தாலோ பளபளவென்று கருகியிருந்தாலோ மாற்றுங்கள். கழற்ற, வண்டியோடு வரும் கருவியைப் பின் கிளட்சில் திருகினால் அது விரியும். அதே பெல்ட்டைத் திரும்பப் போட்டால் அம்புக்குறி பழைய திசையிலேயே இருக்கட்டும். எஞ்சின் ஓடும்போது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே வண்டி முன்னால் ஊர்ந்தால் பெல்ட் அளவுக்கு மீறி இறுக்கம் என்று பொருள். புது டிராக் முதல் சில மணி நேரத்தில் தளரும், அதன் இறுக்கத்தைக் கையேட்டின் அளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். 10 மணி நேரம் ஆனதும் கடையில் முதல் பரிசோதனைக்கு விட்டு, டிராக்கை ஓட்டும் செயின் இருக்கும் செயின்கேஸையும் ஸ்டியரிங் போல்ட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.