டைஜஸ்டும் டைமும்: இரு உலகப் போர்களுக்கிடையே இரு வார இதழ்கள்

1890இல் தொடங்கிய லிட்டரரி டைஜஸ்ட், ஒரு செய்தியைப் பற்றி அமெரிக்க நாளேடுகள் எழுதிய மாறுபட்ட கருத்துகளை அடுத்தடுத்து எடுத்துவைத்து, முடிவை வாசகரிடமே விட்டது. ஹென்றி லூஸும் பிரிட்டன் ஹேடனும் 1923 மார்ச்சில் தொடங்கிய டைமோ, அதே நாளேடுகளிலிருந்து எடுத்த செய்திகளை (சொந்த நிருபர் படை பின்னாளில்தான் வந்தது) உள்நாடு, அயல்நாடு, நூல்கள் எனப் பிரித்து, ஒரே குரலில் கதைபோல எழுதியது. நேரமில்லாத வாசகருக்கு அது வசதிதான் என்றாலும், இதழின் சாய்வு அடைமொழிகளுக்குள் ஒளிந்து வந்ததால், நேர்மையில் டைஜஸ்டே ஒருபடி மேல் என்பேன்.

ஆனால், 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் ஏறத்தாழ ஒரு கோடி மாதிரி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பிய டைஜஸ்ட், குடியரசுக் கட்சி வேட்பாளர் ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என்று கணித்தது; அதிபராக இருந்த ரூஸ்வெல்ட்டோ 48 மாநிலங்களில் 46ஐக் கைப்பற்றினார். அன்று பெரும்பாலும் வசதியானோரிடமே இருந்த தொலைபேசியும் காரும் வைத்திருந்தோரின் பட்டியல்களைப் பெரிதும் நம்பியதோடு, சீட்டுகளில் கால்பங்கு அளவே திரும்பி வந்ததும் காரணம். 1938இல் டைஜஸ்ட் நின்றுபோனது. அதன் சந்தாதாரர் பட்டியல் டைமின் கைக்கே போனது.