வெட்டுவதா, குறைப்பதா: மழைக்காற்றில் வீட்டின் மேல் சாயும் மரங்கள்

சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் இருக்கும் எங்கள் தரைவீட்டின் பின்னால் ஒரு மாமரம் நிற்கிறது. மாடியைத் தாண்டி வளர்ந்துவிட்ட மரம். அதன் பெரிய கிளை ஒன்று அம்மா படுக்கும் அறையின் கூரைக்கு நேர் மேலே நீண்டிருந்தது. என்ன செய்யலாம் என்று விசாரித்தபோது நான்கு வழிகள் தெரியவந்தன: மரத்தையே எடுத்துவிடுவது, தலையை மொட்டையாக வெட்டுவது, மர வல்லுநரை வைத்து முறைப்படி கிளைகளைக் குறைப்பது, பிளக்கக்கூடிய தண்டுகளைக் கம்பிவடத்தால் பிணைத்துக் கட்டுவது. நாங்கள் மூன்றாவதைச் செய்தோம். இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

கனடாவில் இருக்கும் என் மச்சான், அங்கே பனி படிந்து கிளைகள் முறிவதைப் பற்றிச் சொல்வார். ஆனால் அங்கே பல மரங்கள் குளிர்காலத்துக்கு முன் இலையை உதிர்த்துவிடுகின்றன. வெறும் கிளையில் பனி தங்க இடம் குறைவு. இலை உதிர்வதற்கு முன்பே பனி பெய்துவிட்டால்தான் சேதம் அதிகம். புதிதாக விழுந்த பனியைத் துடைப்பத்தால் கீழிருந்து மேலாக மெல்லத் தட்டியும் விடலாம். நமக்கு அந்த வசதி கிடையாது. இங்கே மரம் வருடம் முழுக்க இலையோடு நிற்கிறது. நனைந்த இலை, காய், கிளையில் ஒட்டி வளர்ந்து தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும் பறவைக்கூட்டுப் பெரணி எல்லாம் சேர்ந்து கனக்கிற அதே நேரத்தில் காற்றும் அடிக்கிறது. அப்போது போய் எதையும் இறக்கி வைக்க முடியாது.

அந்தக் காற்று லேசுப்பட்டதும் இல்லை. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, பெரும்பாலும் விடியற்காலையில், சுமத்ரா பக்கமிருந்து வரிசையாக வரும் இடிமழையோடு மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகக் காற்று வீசுவது வழக்கம். 17 செப்டம்பர் 2024 அன்று தீவின் மேற்கே இருக்கும் தெங்காவில் 83.2 கிலோமீட்டர் பதிவானது, தீவு முழுக்க மரங்கள் விழுந்தன. 25 ஏப்ரல் 1984-இல் அதே தெங்காவில் 144.4 வரை போயிருக்கிறது.

முதலில் மரத்தை எடுத்துவிடும் வழி. ஒரு தடவை செலவு, அத்தோடு கவலை தீர்ந்தது. அதன் பலம் அதுதான். நிழல் போகும், பின்கட்டு அனலாக இருக்கும், அடிக்கட்டையைத் தனியாக அரைத்து எடுக்க வேண்டும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. பலர் கவனிக்காமல் விடுவது சட்டத்தை. புக்கிட் தீமா, தங்லின், சாங்கி போன்ற வட்டாரங்களில் மரப் பாதுகாப்புப் பகுதிகள் உண்டு. அங்கே தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 1 மீட்டருக்கு மேல் இருக்கும் மரத்தை, உங்கள் சொந்த நிலத்தில் நின்றாலும், தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது. அபராதம் 50,000 வெள்ளி வரை போகும். மரம் வெட்டும் குத்தகையாளரைக் கூப்பிடும் முன் உங்கள் முகவரி அந்த எல்லைக்குள் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்து மொட்டையாக வெட்டுவது. விலை கேட்டால் இதுதான் மலிவாக இருக்கும். ஒரே நாளில் வேலை முடிந்துவிடும், கூரைக்கு மேல் ஒன்றும் இருக்காது, பார்ப்பதற்கும் பாதுகாப்பாகத் தெரியும். நான் இதை இவ்வளவு உறுதியாக எதிர்ப்பதற்குக் காரணம் பராமரிப்பு. இங்கே மரத்துக்கு ஓய்வுக்காலமே கிடையாது. குளிர்நாட்டில் வெட்டிய மரம் சில மாதம் தூங்கும். நம் வெயிலிலும் மழையிலும் சில வாரங்களிலேயே வெட்டிய முனையைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர் கிளம்பிவிடும். அந்தத் துளிர்கள் கிளையின் உள்மரத்திலிருந்து வருவதில்லை, மேல்பரப்பில் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. நேராக, நெருக்கமாக, வேகமாக நீளும். அதற்குள் வெட்டுப்பட்ட பெரிய முனை மூட முடியாமல் மழைநீரைக் குடித்து உள்ளே அழுகத் தொடங்கியிருக்கும். ஆக, உளுத்துப்போன கட்டையின் மேல் பிடிமானம் இல்லாத புதுக் கிளைகள், அதில் மறுபடியும் நனைந்த இலைப்பாரம். பழைய கிளையைவிட இதுதான் முறிய வாய்ப்பு அதிகம். ஒருமுறை மொட்டையடித்துவிட்டால் திரும்பத் திரும்ப ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் மரம் கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகும். மலிவு என்று ஆரம்பித்தது கடைசியில் மரத்தை எடுப்பதில் போய்த்தான் முடியும்.

முறைப்படி குறைப்பதில் உயரமும் அகலமும் குறைகின்றன, ஆனால் வெட்டு விழும் இடம் வேறு. நீண்ட கிளையை ஒரு பக்கக் கிளை பிரியும் இடத்தில் வெட்டுகிறார்கள். அந்தப் பக்கக் கிளை, வெட்டப்படும் கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அப்போதுதான் அது நுனியின் வேலையை ஏற்றுக்கொண்டு வளரும், துளிர்க்கொத்து கிளம்பாது. வெட்டுகள் சிறியவையாக இருப்பதால் மரமே மூடிக்கொள்ளும். ஒரே தடவையில் பச்சை இலையில் கால் பங்குக்கு மேல் எடுப்பதில்லை. எங்கள் கூரைக்கு மேல் நீண்டிருந்த கிளை இப்போது ஓட்டின் விளிம்புக்கு முன்பே நின்றுவிடுகிறது.

வேலை நடந்தபோது கயிறு கட்டி மேலே ஏறியவர் அறந்தாங்கிக்காரர். உள்பக்கச் சிறு கிளைகளையும் சுத்தமாக எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். “பார்க்க அழகாத்தான் இருக்கும் சார். ஆனா காத்து வந்தா பாரமெல்லாம் நுனியில நின்னு ஆடும், அப்புறம் பாதியில முறிஞ்சிரும்” என்றார். உள்கிளைகளை வழித்துவிட்டு, “காற்று தாராளமாகப் போகும்” என்று சொல்லும் ஆட்கள் உண்டு. வேலையைக் கொடுக்கும் முன் இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

செலவு மொட்டையடிப்பதைவிட அதிகம்தான். ஆனால் அடுத்த வெட்டு தள்ளிப்போகிறது, வரும்போதும் சிறிய வேலையாக இருக்கிறது. நடுவில் சும்மா வந்து பார்த்துவிட்டுப் போவதற்கும் வல்லுநருக்குக் கட்டணம் உண்டு, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாமரத்துக்கு இன்னொன்று: பூ கிளை நுனியில்தான் வரும், அதனால் குறைத்த அடுத்த பருவத்தில் காய் குறையும். காய் இறக்கிய கையோடு குறைத்துவிட்டால் புதுக் கிளை முதிர்வதற்கு நேரம் கிடைக்கும்.

கம்பிவடம் பற்றி நான் அதிகம் பேச முடியாது, எங்கள் மரத்துக்கு அது தேவைப்படவில்லை. சம பருமனுள்ள இரண்டு தண்டுகள் நெருக்கமான கவட்டையாகப் பிரிந்து, நடுவில் பட்டை மாட்டிக்கொண்டிருந்தால் அந்த இடம் பிளக்கக்கூடும். அதற்கு மேலே, கவட்டைக்கும் உச்சிக்கும் இடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் வடம் கட்டி இரண்டையும் பிணைப்பார்கள். மரம் பருக்கப் பருக்க அதையும் சரிபார்க்க வேண்டும். இப்படிக் கவட்டையுள்ள நல்ல மரத்தைக் காப்பாற்ற விரும்புகிறவர்கள் கிளைக் குறைப்போடு சேர்த்து யோசிக்கலாம் என்பது மட்டும்தான் என் கருத்து.

ஆனால் மேலே எவ்வளவு குறைத்தாலும் அடி சரியில்லை என்றால் நான் சொன்னது எதுவும் உதவாது. 2017 பிப்ரவரி 11 அன்று பூமலையில், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில், 270 வயதைக் கடந்த, 40 மீட்டர் உயரத் தெம்புசு மரம் வேரோடு சாய்ந்து ஒரு பெண் இறந்தார். தொடர்ந்து பரிசோதிக்கப்பட்டு வந்த மரபுடைமை மரம் அது. எங்கள் வீட்டுக்கு வந்த வல்லுநரும் கிளையை அண்ணாந்து பார்க்கும் முன் குனிந்து அடியைத்தான் பார்த்தார். சுத்தியலால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார். அடியில் தட்டுத் தட்டாகக் காளான், ஒரு பக்கம் மட்டும் மண் வெடித்துத் தூக்கியிருப்பது, சமீபத்தில் தொடங்கிய சாய்வு, இவற்றில் எது இருந்தாலும் உடனே வல்லுநரைக் கூப்பிட வேண்டும். வேர் அழுகியது உறுதியானால் எடுத்துவிடுவதுதான் சரி, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

மரம் நன்றாக இருந்தும் எடுப்பது சரியாக இருக்கும் வீடுகளும் உண்டு. என் சித்தப்பாவும் சித்தியும் தனியாக இருக்கிறார்கள். ஆளைக் கூப்பிடுவது, விலை பேசுவது, வெட்டும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது எல்லாம் அவர்களால் இனி ஆகிற காரியமில்லை. வேலி ஓரத்து மரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வைத்திருக்கிறார்கள். ஏணி இல்லாமலே கைக்கு எட்டுகிற உயரம்.

மிரட்டும் மரம் உங்கள் வேலிக்கு வெளியே சாலையோரத்தில் இருந்தால் கை வைக்காதீர்கள். பொது இடப் புகார்களுக்கான அரசாங்கத்தின் ஒன்சர்வீஸ் செயலியில் படத்தோடு தெரிவித்தால் உரிய அமைப்புக்குப் போய்விடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வளாகத்து மரம் என்றால் நகர மன்றத்திடமும் நேரடியாகச் சொல்லலாம்.