ரம்பம் வைக்குமுன் தட்டிப் பாருங்கள்: லாக், கல்லாக்ஸ், பில்லி, இவார்

ஸ்வீடன் அறைகலன் நிறுவனமான ஐகியாவின் லாக் மேசையை ஸ்கூட்டரில் காலடியில் நிறுத்தியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். பரப்பு 55-க்கு 55 சென்டிமீட்டர், உயரம் 45, பலகையின் தடிமன் 5. நிஜ மரத்தில் இப்படி ஒன்று செய்தால் பத்துக் கிலோவாவது வரும். இதுவோ ஒரு கைக்கு அடங்குகிறது. பெங்களூரு நாகசந்திராவில் 2022-ல் கடை திறந்த பிறகு நான் வாங்கிய முதல் பொருள் இதுதான். மேசையாக வைத்துக்கொள்ள வாங்கவில்லை. அறுத்து வேறொன்றாக ஆக்க வாங்கினேன்.

அப்புறம் அதே கடையின் கட்டம் கட்டமான அலமாரி கல்லாக்ஸ், புத்தக அலமாரி பில்லி, பைன் மரப் பெட்டி இவார் மூன்றையும் வெட்டியும் ஒட்டியும் பார்த்தாயிற்று. 'ஐகியா ஹேக்' (ஐகியா பொருளை நாமே மாற்றி வேறொன்றாக ஆக்குவது) என்று தேடினால் வரும் ஆயிரம் படங்களில் பெரும்பகுதி இந்த நாலைச் சுற்றித்தான். வெள்ளைப் பெட்டி ஒன்று அடுத்த படத்தில் பிரம்புக் கதவும் பித்தளைக் கைப்பிடியுமாக நிற்கும். நடுவில் என்ன நடந்தது என்பது மட்டும் படத்தில் இருக்காது. நாலில் எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: படத்தை விடுங்கள், விரலை மடக்கிப் பலகையைத் தட்டிப் பாருங்கள். மரம், மரத்தூள், காகிதம் என்று உள்ளே இருப்பது எதுவோ, அதைப் பொறுத்துத்தான் உங்கள் வேலை அமையும்.

கழற்றி மாட்டுகிற வேலை ஐகியாவில் வெகு காலமாகவே உண்டு. 1956 வாக்கில் கில்லிஸ் லுண்ட்கிரென் என்ற ஊழியர், இலை வடிவ மேசை ஒன்று காரில் ஏறாததால் காலைக் கழற்றிப் பெட்டியில் அடக்கினார் என்பது அந்த நிறுவனமே சொல்லும் கதை. 1979-ல் பில்லி புத்தக அலமாரியை வடிவமைத்தவரும் அவர்தான். கழற்றிய காலை எங்கே பூட்டலாம் என்று வாங்கியவரே யோசிக்க ஆரம்பித்தது அதற்குப் பிந்தைய கதை.

லாக்கைத் தட்டினால் டொக் டொக் என்று காலிச் சத்தம் வரும். ஓரத்தில் மட்டும் மரத்தூள் பலகைச் சட்டம். நடுவில் தேன்கூடு போல மடித்த காகிதம். மேலும் கீழும் மெல்லிய தகடு. கதவு செய்பவர்களிடமிருந்து எடுத்த நுட்பம் இது. நம் ஊர் ஃப்ளஷ் டோரைப் பிளந்து பார்த்தவர்களுக்குப் புதிதாக இருக்காது. மேசைப் பலகைக்குச் சொல்லியிருக்கும் தாங்கும் எடை 25 கிலோ. காகிதத்துக்கு அது பெரிய சாதனைதான்.

எனக்குத் தரையில் சம்மணம் போட்டு எழுத ஒரு குட்டை மேசை வேண்டியிருந்தது. 45-ஐ 28 ஆக்கினால் போதும், நாலு காலிலும் 17 சென்டிமீட்டர் போக வேண்டும். கோடு போட்டேன், ரம்பத்தை வைத்தேன். நாலைந்து இழுப்பில் தோல் தாண்டியதும் பிடிமானமே இல்லாமல் ரம்பம் உள்ளே விழுந்தது. எட்டிப் பார்த்தால் கால் முழுக்கக் கூடு. கெட்டியான கட்டை இருந்தது நான் அறுத்துத் தள்ளிய மேல்நுனியில். பலகையோடு காலைச் சேர்க்கும் இரட்டைமுனை போல்ட் அதில்தான் கடித்து நிற்கும். அடிப்பக்கமாக அறுத்திருந்தால் திறந்த வாயில் ஒரு கட்டையை அடைத்துவிட்டு வேலையை முடித்திருக்கலாம். தப்பு முழுக்க என்னுடையது. ஒரு காலை முதலில் தட்டிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

அல்சூரில் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் நாலு காலையும் எடுத்துக்கொண்டு போனேன். வாங்கி ஒரு கண்ணில் வைத்துப் பார்த்தார். "என்ன தம்பி இது, மறுபக்கம் உங்க மூஞ்சி தெரியும் போல இருக்கே."

"உள்ள கட்டை அடைச்சுத் தர முடியுமாண்ணே?"

"அடைக்கலாம். ஆனா கட்டை என்னுது. உங்க பொருளு வெறும் உறைதான்."

மூலையில் கிடந்த துண்டுகளை இழைத்து, ஃபெவிகால் தடவி, சுத்தியால் மெதுவாகத் தட்டி இறக்கினார். மறுநாள் துளை போட்டு போல்ட்டை ஏற்றினேன். மேசை இன்றைக்கும் ஆடாமல் நிற்கிறது.

இதனால் லாக் கைவேலைக்கு ஆகாது என்று சொல்லிவிட முடியாது. அதன் பெருமை எல்லாம் வெட்டாமல் செய்த வேலைகளில்தான். இரண்டு காலுக்கு நடுவில் சரியாக 45 சென்டிமீட்டர் இடைவெளி. 19 அங்குல ரேக் என்ற அடுக்குச் சட்டத்தில் மாட்டும் சர்வர் கணினிகளின் உடல் அதில் பொருந்திவிடும். நெதர்லாந்தின் கணினிப் பித்தர்கள் இதைக் கண்டுபிடித்து 'லாக்ரேக்' என்று பேர் வைத்தார்கள். இரும்பு ரேக் வாங்கும் காசில் பல மேசை வாங்கலாம். 3டி பிரின்டர் வைத்திருப்பவர்கள் ஒரு லாக் மேல் இன்னொரு லாக்கை ஏற்றி, சுற்றிலும் அக்ரிலிக் தகடு மாட்டிக் கூண்டு ஆக்குகிறார்கள். 3டி பிரின்டர் செய்யும் செக் நாட்டு பிரூசா நிறுவனமே அதற்குச் செய்முறை வெளியிட்டிருக்கிறது. இரண்டிலும் அந்தச் சதுரமான அளவுதான் விஷயம். மறக்கக்கூடாத ஒன்று: காலின் நடுப்பகுதியில் ஏற்றும் ஸ்க்ரூ மெல்லிய தோலில் மட்டுமே பிடித்திருக்கும். கனமான சர்வரைக் கீழே ஏதாவது முட்டுக் கொடுத்துத் தாங்குவது நல்லது.

கல்லாக்ஸ் அதே குடும்பம்தான். பெரிய பலகைகளைத் தட்டினால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு கட்டமும் 33-க்கு 33, ஆழம் 39. எல்பி இசைத்தட்டின் உறை அதில் கச்சிதமாக நிற்கும். 2014-ல் முன்னோடியான எக்ஸ்பெடிட்டை நிறுத்திவிட்டுக் கல்லாக்ஸைக் கொண்டுவந்தபோது ஜெர்மனியில் ரசிகர்கள் இணையத்தில் போர்க்கொடியே தூக்கினார்கள். கடைசியில் மெலிந்தது வெளிச்சட்டம்தான், கட்டத்தின் உள்ளளவு மாறவில்லை. ஆனால் ஒரு கட்டம் தாங்குவது 13 கிலோ. உறையோடு ஒரு தட்டு கால் கிலோ அளவுக்கு வரும். ஐம்பதைத் தாண்டினால் கணக்கும் தாண்டிவிட்டது. இதைச் சொன்னால் இசைத்தட்டுக்காரர்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

கல்லாக்ஸைப் படுக்கவைத்து மேலே பஞ்சு மெத்தை போட்டு பெஞ்சாக்குவது எங்கும் பார்க்கிற வேலை. இரண்டு இடத்தில் கை வழுக்கும். ஒன்று, உட்காருகிறவரின் எடை கூட்டின் மேல் இறங்கக்கூடாது. மெத்தைக்கு அடியில் ஒரு பிளைவுட் பலகை முழு நீளத்துக்கும் வேண்டும். இரண்டு, அடியில் சக்கரம் மாட்டும்போது நடுவில் ஸ்க்ரூ ஏற்றினால் பிடிக்காது. ஓரச் சட்டத்தில் ஏற்றுங்கள், அல்லது முதலில் ஒரு பலகையைப் பூட்டி அதில் சக்கரத்தை மாட்டுங்கள்.

எனக்குப் பிடித்த கல்லாக்ஸ் வேலையில் ஒரு துளைகூடக் கிடையாது. நவராத்திரிக்கு எங்கள் வீட்டில் மூன்று படி. முதல் படி செங்கல் மேல் பலகை, 15 சென்டிமீட்டர். அடுத்தது வரிசையாக மூன்று லாக், 45. அதன் பின்னால் படுக்கவைத்த எட்டுக் கட்டக் கல்லாக்ஸ், 77. ஏற்றம் ஏறக்குறைய முப்பது முப்பதாக அமைந்துவிடும். மூன்று லாக்கின் அகலம் 165, கல்லாக்ஸ் 147; பக்கத்துக்கு 9 சென்டிமீட்டர் துருத்தும். வெள்ளை வேட்டியை இழுத்து மூடினால் யாருக்கும் தெரியாது. மரப்பாச்சியும் செட்டியாரும் உட்கார்ந்த பிறகு யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்? மரப்பெட்டியில் வைக்கோல் சுற்றிய பொம்மைகளை எடுக்கும் நேரத்தில் பாதிகூட இந்தப் படிக்கு ஆகாது. பத்தாம் நாள் லாக் மூன்றும் அதனதன் மூலைக்குத் திரும்பிவிடும்.

பில்லி பற்றி அதிகம் சொல்ல இல்லை. 80 அகலம், 28 ஆழம், 202 உயரம். முழுக்க மரத்தூள் பலகை. இரண்டு மூன்றை ஒட்டி நிறுத்தி, நடு இடுக்கை மரப்பட்டியால் மறைத்து, மேலே கூரைவரை அடைத்துப் பெயிண்ட் அடித்தால் கட்டும்போதே சுவரோடு வைத்துக் கட்டியது போல இருக்கும். சொந்த வீடாக இருந்தால் செய்யுங்கள். வாடகை வீட்டில் அது வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் அன்பளிப்பு. பின்பக்க அட்டையைப் பிரித்து 'இருபுறமும் தெரியும்' அலமாரியாக்கும் படங்களை மட்டும் நம்பாதீர்கள். அந்த அட்டைதான் பில்லியைச் சாயாமல் பிடித்திருக்கிறது.

மரத்தூள் பலகையின் நிஜ எதிரி நம் வீட்டில் பக்கெட்டோடு வருகிறது. ஸ்வீடனில் தூசியை உறிஞ்சுவார்கள். நாம் தண்ணீர் விட்டுத் துடைப்போம். தரையைத் தொடும் ஓரத்தில் ஈரம் ஏறினால் பலகை பன் மாதிரி உப்பும், உப்பியது திரும்பாது. முன்பு இணையத்தில் வாங்கிய பேர் தெரியாத செருப்பு ஸ்டாண்ட் ஒன்று இரண்டே மழைக்காலத்தில் இப்படிப் போயிற்று. பில்லியோ கல்லாக்ஸோ, வாங்கிய அன்றே அடியில் ரப்பர் புஷ் வைத்து அரை அங்குலம் தூக்கிவிடுங்கள். வேறு எந்த அலங்காரமும் அப்புறம்.

பெயிண்ட் விஷயத்திலும் இந்த மூன்றும் ஒரு கட்சி, இவார் தனிக்கட்சி. வழவழப்பான மேற்பரப்பில் நேராக எனாமல் அடித்தால் ஒரு வாரத்தில் நகத்தால் உரிக்கலாம். 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை மட்டும் தேய்க்க வேண்டும். அழுத்தினால் மேல்தோல் கிழிந்துவிடும். துடைத்து, வழவழப்பான பரப்பில் பிடிக்கும் பிரைமர் ஒரு கை, காயவிட்டு இன்னொரு கை, பிறகுதான் நிறம். ஸ்க்ரூவும் அப்படித்தான். மரத்தூளில் ஒருமுறை ஏற்றியதைக் கழற்றி மறுபடி ஏற்றினால் துளை பொடியாக உதிரும்.

இவாரைத் தட்டினால் வேறு சத்தம். பெட்டியைத் திறந்ததும் பைன் வாசனை வரும். பெயிண்டோ பாலிஷோ இல்லாத, இழைத்த மரம். 80 அகலம், 30 ஆழம், 83 உயரம் உள்ள கதவு வைத்த பெட்டி. ஸ்க்ரூ துளை தளர்ந்துவிட்டதா? இரண்டு தீக்குச்சியில் பசை தடவித் துளைக்குள் செருகி, காய்ந்ததும் மறுபடி ஏற்றலாம். அறுக்கலாம், இழைக்கலாம், சாயம் ஏற்றலாம், பிடிக்கவில்லை என்றால் தேய்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம். மற்ற மூன்றில் தப்பு செய்தால் மறைக்கத்தான் முடியும்.

அதற்காகப் பைன் குறையே இல்லாத மரம் என்று நினைக்க வேண்டாம். மென்மரம், சாவிக்கொத்தைப் போட்டால் தழும்பு விழும். மழைக்காலத்தில் கதவு லேசாகப் பிடிக்கும். வெள்ளை அடிக்க ஆசைப்பட்டால் கணுக்கள் சும்மா விடாது. பிசின் மெல்ல மெல்லக் கசிந்து, சில மாதத்தில் வெள்ளைக்கு மேல் மஞ்சள் வட்டமாகத் தெரியும். கணுவின் மேல் முதலில் அரக்குப் பூச்சு கொடுத்தால்தான் அடங்கும். எனக்கென்னவோ அந்தக் கணுக்களை மறைப்பதே பாவமாகப் படுகிறது.

என் இவாரில் கதவின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துப் பிரம்புப் பின்னல் வைத்தேன். சுற்றிலும் 7 சென்டிமீட்டர் விட்டுக் கோடு போட்டு, மூலையில் டிரில் விட்டு, அந்தத் துளை வழியாக ஜிக்சா ரம்பத்தை இறக்கினேன். பின்னலை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டால் ஈரத் துணி மாதிரி வளையும். கதவின் பின்பக்கமாக விரித்து, ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு பின், எதிர்ப்பக்கத்தின் நடுவில் ஒரு பின் என்று மூலையை நோக்கி நகர வேண்டும். ஒரே பக்கத்தை முழுதாக அடித்துவிட்டு மறுபக்கம் போனால் கட்டம் கோணிக்கொள்ளும். அப்போது தொளதொளவென்றுதான் இருந்தது. மறுநாள் காலையில் சுண்டினால் மத்தளத் தோல் போல விறைத்து நின்றது.

செலவைப் பார்த்தால், லாக்குக்கு வாங்கிய பிரைமர், எனாமல், உப்புத்தாள், ஆசாரி கூலி எல்லாம் சேர்ந்து மேசை விலையைத் தாண்டிவிட்டது. இவார் வாங்கும்போது விலை அதிகம். மேலே போட்டது பிரம்பும் கொஞ்சம் எண்ணெயும்தான். பிளைவுட்டில் ஆசாரியே அளவெடுத்துச் செய்துகொடுத்தால் இரண்டையும்விடக் காலத்துக்கும் நிற்கும். ஆனால் அதற்கான காசும் காத்திருப்பும் வேறு கணக்கு. ஞாயிற்றுக்கிழமை நாமே தூசியில் நனைகிற சுகமும் அதில் கிடைக்காது. முதல்முறை ரம்பம் பிடிப்பவருக்கு நான் இவாரைத்தான் சொல்வேன். வெட்டும் எண்ணமே இல்லை, அடுக்கி மாற்றி வைத்தால் போதும் என்றால் லாக்கும் கல்லாக்ஸும்.

பிரம்புக் கதவைக் காட்ட ஆசாரியை ஒருநாள் வீட்டுக்கு அழைத்திருந்தேன். வந்தவர் பின்னலைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பால்கனியில் சாய்த்து வைத்திருந்த, கதவிலிருந்து வெட்டி எடுத்த இரண்டு பைன் துண்டுகளை எடுத்து விரலால் சுண்டிப் பார்த்தார். பக்கத்திலேயே லாக்கின் காலிலிருந்து அறுத்த துண்டுகள் நாலும் கிடந்தன. அவற்றைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"இது ரெண்டும் உங்களுக்கு வேணுமா தம்பி? வேணாம்னா நான் எடுத்துக்கிறேன்."