மற்றதெல்லாம் அப்புறம், முதலில் எஸ்எம்பிஎஸ்: சீசானிக் ஃபோகஸ் ஜிஎக்ஸ்-650

வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யலாம் என்று உட்கார்ந்தால் எல்லாருடைய கண்ணும் முதலில் கிராஃபிக்ஸ் கார்டுக்குத்தான் போகும். என் மகளுக்கும் அப்படித்தான் போனது, பெரிய தாளில் எழுதிய பட்டியலில் முதல் வரியே ஆர்டிஎக்ஸ் 4060, சுவர் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் என்ற வரியே இல்லை. நான் அந்தத் தாளின் தலையில் அதை எழுதி, மற்ற எந்தச் சாமானும் வருவதற்கு முன்பே அதைத்தான் வாங்கினேன். இங்கே ஜோகன்னஸ்பர்க்கில் நான் பட்டது அப்படி.

2023ஆம் வருடம். லோட்ஷெட்டிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது, இந்த நாட்டில் அவ்வளவு மோசமாக இருந்த வருடம் அதற்கு முன் கிடையாது, ஸ்டேஜ் 6 என்றால் ஒரு நாளில் மூன்று நான்கு தடவை கரண்ட் போகும். அப்போது என்னிடம் இருந்தது ஒரு பழைய மெஷின், கேபினெட்டோடு சேர்த்துக் கொடுத்த எஸ்எம்பிஎஸ், மேலே ஒட்டியிருந்த தாளில் 500 வாட் என்று போட்டிருந்தது, கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி இருந்தது. ஒருநாள் ராத்திரி கரண்ட் திரும்பி வந்த நொடியில் டப் என்று ஒரு சத்தம், அறை முழுக்கக் கருகிய நாற்றம். மதர்போர்டு போனது, ஹார்ட் டிஸ்க்கும் போனது. போர்டு போனதற்கு நான் வருத்தப்படவில்லை. அப்பாவின் மணிவிழாப் படங்கள் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன, வேறெங்கும் இல்லை.

சரி, இந்த சீசானிக்குக்கு வருவோம். 1975லிருந்து இருக்கிற தைவான் கம்பெனி. 650 வாட், 80 பிளஸ் கோல்டு (கரண்டை வீணாக்காத திறனுக்கான தரச் சான்று), பத்து வருட வாரண்டி, கேபிள்கள் எல்லாமே தனியாகக் கழற்றி மாட்டக்கூடியவை. இரண்டாயிரம் ராண்டுக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தேன். கையில் தூக்கியதுமே கனம் தெரிந்தது. நீளம் 140 மில்லிமீட்டர்தான், அதனால் சின்ன ஏடிஎக்ஸ் கேபினெட்டிலும் கேபிளைச் சுருட்டி வைக்க இடம் மிஞ்சும். பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையை நிதானமாகப் படியுங்கள், ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் ஜாதகம் அதுதான். இதில் 12 வோல்ட் வரியில் மட்டும் 54 ஆம்பியர், பெருக்கினால் 648 வாட். அதாவது சொன்ன 650 வாட்டும் கிட்டத்தட்ட முழுதாக, பிராசஸரும் கார்டும் உண்மையில் இழுக்கிற 12 வோல்ட்டிலேயே கிடைக்கிறது. மலிவு டப்பாக்களில் 3.3 வோல்ட், 5 வோல்ட் எல்லாவற்றையும் கூட்டிப் பெரிய எண்ணாகப் போட்டிருப்பார்கள், 12 வோல்ட் வரியைப் பெருக்கிப் பார்த்தால் பாதிதான் தேறும்.

650 எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். மகளின் பட்டியலில் இருப்பது ரைசன் 5 7600 பிராசஸர், அது நன்றாக உழைத்தாலும் 88 வாட். ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட். போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் ஒரு ஐம்பது அறுபது வைத்தால்கூட 265 தாண்டாது. என்விடியா இந்தக் கார்டுக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் போடச் சொல்கிறது. எனக்கு 650 பிடித்ததற்குக் காரணம், பாதி லோடுக்குக் கீழேயே ஓடும், சூடு குறைவு, நாளைக்குக் கார்டை மாற்றினாலும் இதை மாற்ற வேண்டாம். ஜோகன்னஸ்பர்க் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கடலோரத்தைவிடக் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு, ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளுகிற காற்று மெலிது. டர்பனில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை, அவர்களுக்குக் கடல் காற்றின் உப்பும் ஈரமும்தான் கவலை.

வந்த அன்றைக்கே சோதித்துவிட்டேன். அசெம்பிள் செய்கிற நாள் வரை பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தால், கோளாறு தெரியவரும்போது கடையில் திருப்பிக் கொடுக்கும் தவணை முடிந்திருக்கும். மதர்போர்டு இல்லாமலேயே இதை ஓடவைக்க, போர்டுக்குப் போகும் 24 முள் கேபிளை மட்டும் மாட்டி, சுவிட்சை அணைத்துவிட்டு, 16ஆம் முள்ளையும் பக்கத்தில் உள்ள 17ஐயும் வளைத்த பேப்பர் கிளிப்பால் சேர்த்து, அப்புறம் சுவிட்சைப் போட வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ்களில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் சேர் என்பார்கள், இதில் எல்லா வயரும் கறுப்பு, அதனால் எண்ணித்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, ஹைப்ரிட் பொத்தான் போட்டிருந்தால் லோடு ஏறும் வரை ஃபேன் சுற்றவே சுற்றாது. செத்துப்போனதாக நினைத்துப் பதற வேண்டாம், பொத்தானை மாற்றினால் சுற்றும். ஒரு பழைய டிஸ்க்கையும் மாட்டினேன், அது உர்ர்ரென்று சுழலத் தொடங்கியதும் மகள் கைதட்டினாள். எக்காரணம் கொண்டும் எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளை இதில் மாட்டவும் கூடாது. போர்டுப் பக்க முனைக்குத்தான் பொது விதி, எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வரிசை, மாறிப்போனால் டிஸ்க் கருகும்.

பவர் கார்டு விஷயம் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சந்தோஷம். நம் வீடுகளில் ஏசிக்கும் கெய்சருக்கும் போடுகிற அந்தப் பெரிய மூன்று முள் 15 ஆம்பியர் பிளக் இருக்கிறதே, இங்கே சுவரில் இருக்கும் சாக்கெட் அதற்கேதான். எஸ்எம்பிஎஸ் பெட்டியில் வேறு நாட்டு பிளக் இருந்தால் அடாப்டர் மேல் அடாப்டராக அடுக்காமல், இங்கே எந்த ஹார்டுவேர் கடையிலும் கெட்டில் கார்டு என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, இந்திய வம்சாவளியினர் நிறைய இருக்கும் லெனேசியாவில் வயரிங் வேலை செய்யும் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டேன், கோயிலில் பழக்கம். தமிழ் அவருக்குப் பத்துப் பதினைந்து சொல்தான் வரும், தம்பி என்று கூப்பிடாமல் ஒரு வாக்கியம் முடிக்க மாட்டார். சாக்கெட்டுகளைச் சோதித்து, வீட்டுக்குக் கரண்ட் பிரியும் டிபி போர்டில், திடீரென்று எகிறும் வோல்ட்டேஜைத் தடுக்க ஒரு சர்ஜ் புரொடெக்டரும் போட்டுக் கொடுத்தார். கோடையில் பல நாள் சாயங்காலம் இடி மின்னல் விழுகிற ஊர் இது. "கரண்ட் போனா பிளக்கைப் பிடுங்கு தம்பி, வந்து அஞ்சு நிமிஷம் கழிச்சு மாட்டு" என்றார். நல்ல யுபிஎஸ் வாங்கும் வரை அதைத்தான் செய்யப்போகிறேன்.

யுபிஎஸ் இன்னும் வாங்கவில்லை, அதை அவசரப்பட்டு எடுக்கவும் மாட்டேன். இந்த மாதிரி நல்ல எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றிலும் ஆக்டிவ் பிஎஃப்சி இருக்கும், வருகிற கரண்டின் அலைக்கு ஏற்றபடி சீராக இழுக்கும் சர்க்யூட் அது. மலிவு யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும்போது வருவது சீரான சைன் அலை இல்லை, படிப்படியாக வெட்டிய அலை. சில ஜோடிகள் ஒத்துப்போகும், சில போகாது. நண்பர் வீட்டில் ஒத்துப்போகவில்லை, கரண்ட் போன அதே நொடியில் யுபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டு மெஷினையும் அணைத்தது. அதனால் பியூர் சைன் வேவ்தான் வாங்குவேன். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் விஏ (வோல்ட்-ஆம்பியர்) எத்தனை என்பதைவிட, உண்மையில் கொடுக்கும் வாட் எத்தனை என்பதைப் பாருங்கள், 1000 விஏ என்று விற்பதில் பல 600 வாட்தான் கொடுக்கும்.

யாருக்கு இது வேண்டாம்? கார்டே போடாமல் ஆபீஸ் வேலைக்கு மட்டும் கட்டுபவர்களுக்கு 450 வாட் கோல்டு ஒன்று போதும். மிகச் சின்ன கேபினெட் என்றால் எஸ்எஃப்எக்ஸ் என்ற இன்னும் சின்ன அளவு தேட வேண்டும், இது நுழையாது.

போர்டும் பிராசஸரும் வந்துவிட்டன, ராமும் கார்டும் பாக்கி. இப்போது ஜூலை, இங்கே குளிர்காலம், காற்றில் ஈரமே இல்லை, கம்பளியை இழுத்தால் இருட்டில் பொறி தெரிகிறது, கார் கதவைத் தொட்டால் சுரீர் என்கிறது. அந்தப் பொறி சிப்பைக் கெடுத்துவிடும் என்பதால் கம்பளம் இல்லாத சமையலறை மேசையில்தான் வேலை என்று முடிவு. எஸ்எம்பிஎஸ்ஸை முதலில் கேபினெட்டில் பூட்டி, பிளக்கை மாட்டிச் சுவரில் சுவிட்சை மட்டும் அணைத்து வைத்து, அதன் இரும்பை அடிக்கடி தொட்டுக்கொண்டே மற்றதை மாட்டலாம் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் இப்போதே பழைய போர்டில் ராம் மாட்டிக் கழற்றிப் பழகுகிறாள்.